ஊருணி செத்த மார்கழி

— நீ கொண்டாந்த இந்த லேபுப் பேப்பர்ல எழுதியிருக்கது எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சரு. நீயே வாயால சொல்லிரு. வெசம் கலந்துருந்துச்சா, இல்லையா?

— இல்லக்கா. ஒரு சொட்டு விஷம்கூட இல்ல. ஊருணித் தண்ணியிலயும் இல்ல, செத்த தவளை உடம்புலயும் இல்ல.

— கேட்டுக்கோரும் பெரியவரே. ரெண்டு காதையும் தொறந்து வச்சு நல்லாக் கேட்டுக்கோரும்.

— கேக்கத்தான வேலுத்தாயி நம்ம நெடுஞ்செவல்ல இருந்து பஸ் ஏறி வந்துருக்கேன். டீச்சரம்மா கூடக் கோவில்பட்டி முழுக்கச் சுத்தி இந்தத் தீப்பெட்டி லைன் வீட்டைக் கண்டுபிடிக்கதுக்குள்ள கால் ரெண்டும் விட்டுப்போச்சு. ஆனா ஒண்ணு, நீ என்னைய மாமான்னுல்லா கூப்பிடுவ. இப்ப என்ன புதுசா பெரியவரேங்க?

— மாமாங்கிறது எங்க வீட்டுக்காரரு சிவனாண்டி உசுரோட இருந்த வரைக்கும். அவியள வேப்பமரத்துல கட்டிவச்சு அடிச்சப்ப, ஊருணிக் கமிட்டித் தலைவருன்னு நீரு நாற்காலி போட்டு உக்காந்திருந்தீரு பாரும். அன்னியோட அந்த மொறை அத்துப்போச்சு.

— நாஞ் சொல்லுதது என்னன்னா, நான் ஒரு அடி அடிக்கல. சாமி சத்தியமா கை வைக்கல.

— கை வைக்காதீங்கலேன்னும் நீரு சொல்லல.

— அக்கா, ஒரு நிமிஷம். ஐயா, நீங்களும் கொஞ்சம் பொறுங்க. நான் உங்களைக் கூட்டிட்டு வந்தது சண்டைக்கு இல்ல. சிவனாண்டி அண்ணன் எதையும் கலக்கலைங்கிறதை, அவரைக் கட்டிவச்ச ஊர்க்காரங்கள்ல ஒருத்தராவது அக்கா முன்னால வச்சுக் கேக்கணும். அதுக்குத்தான்.

— உக்காரு டீச்சரு. அந்த அட்டையைத் தள்ளிட்டு உக்காரு. ஒட்டுன பெட்டி அந்தப் பக்கம் காயுது, கால் பட்டுராம. பெரியவரே, நீரு வாசப்படியிலயே உக்காரும்.

— உக்காருதேன். டீச்சரம்மா, நீங்க படிச்சவிய. நான் மழையைப் பாத்து உளுந்து வெதைக்கவன். எனக்கு ஒண்ணே ஒண்ணு வெளங்க மாட்டேங்கு. வெசம் இல்லைன்னா ஒரே வாரத்துல ஊருணி பூராத் தவளையும் எப்படிம்மா மல்லாந்து மெதக்கும்? காலெல்லாம் ரெத்தமா செவந்து, தோலு உரிஞ்சு! சுனாமி வந்த மார்கழிலா அது. டிவியைப் போட்டாப் பொணமாக் காட்டுதான். கொடத்தைத் தூக்கிட்டு ஊருணிக்குப் போனா அங்கன தவளைப் பொணம். குடிக்க வேற தண்ணி கெடையாது. ஊரு பயந்துபோச்சும்மா.

— பயம் வந்தா ஆளைக் கொல்லணுமோ?

— ஐயா, அது ஒரு நோய். வைரஸ். மனுஷனுக்குக் காய்ச்சல் வருதுல்லா, அதே மாதிரி தவளைக்குன்னு உள்ள நோய். அந்தத் தண்ணியை மனுஷங்க குடிச்சா ஒண்ணும் ஆகாது.

— ஒண்ணும் ஆகாதுன்னு எங்க வீட்டுக்காரரு குடிச்சே காட்டுனாவளே! ‘நீ கலக்கலைன்னா குடிலே’ன்னு இவுக செம்பு செம்பா மோந்து குடுத்தாக. தவளை மெதந்த தண்ணியை அம்புட்டும் குடிச்சாவ. குடிச்சவுக சாகலையே, அப்பவாவது கட்டை அவுத்து விட்டிருக்கலாம்லா?

— அது வந்து... மாத்து மருந்து தின்னுட்டு வந்துருக்கான்னு எவனோ சொல்லிட்டான்.

— கேட்டுக்கோ டீச்சரு. தண்ணி குடிச்சுச் செத்தாக் குத்தவாளி. சாகலைன்னா மாத்து மருந்து தின்னவன். எங்க ஊரு தீர்ப்பு இதுதான்.

— நோயின்னே வச்சுக்கிடுவோம் டீச்சரம்மா. கரிசக்குளம் கண்மாய்லயும்தான் தவளை செத்துச்சு. ஆனா அங்கன பாதி செத்துச்சு, பாதி கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. எங்க ஊருணில மட்டும் ஒண்ணுகூட மிஞ்சலையே. அதுலதான ஊருக்குச் சந்தேகமே வந்துச்சு. ஒரே நோயி எப்படி ஊருக்கு ஊரு மாறும்?

— நீங்க கேக்கதைத்தான் ஐயா நானும் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். என் படிப்பே அதுதான். அதாவது, ஒவ்வொரு தவளை உடம்புக்குள்ளயும் காவக்காரங்க இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. உள்ள வர்றது திருடனா இல்ல வீட்டாளான்னு மூஞ்சியைப் பாத்து அடையாளம் சொல்லுத காவக்காரங்க. அவங்களை உண்டாக்குறது ஜீன். அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு வருது. ஒவ்வொரு காவக்காரனுக்கும் கொஞ்சம் திருடங்க மூஞ்சிதான் தெரியும், எல்லாத் திருடனையும் தெரியாது.

— சரி.

— கரிசக்குளம் பெரிய கண்மாய். ஓடை வந்து சேருது, எங்கெங்கேயோ இருந்து தவளை வருது, போகுது. அங்க பிடிச்ச தவளைகளோட ரத்தத்துல இந்த ஜீன் பதினேழு விதமா இருந்துச்சு. அந்த நோயோட மூஞ்சி எந்தக் காவக்காரனுக்குத் தெரிஞ்சுதோ, அந்தத் தவளை பொழைச்சுக்கிட்டு. தெரியாதது செத்துட்டு.

— எங்க ஊருணில?

— ரெண்டே விதம். ஊருணி பூராவுக்கும் ரெண்டே ரெண்டு காவக்காரங்க. எண்பத்திமூணு பஞ்சத்துல உங்க ஊருணி வத்துச்சுல்லா?

— வத்துச்சாவா? வெடிச்சுக் கெடந்துச்சு. வடக்கு மூலைல மட்டும் கொஞ்சம் சேறு இருந்துச்சு. ஆடு நக்கிக்கிட்டுக் கெடக்கும்.

— அந்தச் சேத்துக்குள்ள பத்தோ இருபதோ தவளைதான் தப்பியிருக்கணும். அப்புறம் வந்தது எல்லாம் அதுக வம்சம். வெளிய இருந்து புதுத் தவளை வரவும் வழியில்ல. ஓடையை வேலிக்கருவை முள்ளு அடைச்சுட்டு, நாலு பக்கமும் காஞ்ச கரிசல். இருபது வருஷமா அதுக்குள்ளயே சேந்து, அதுக்குள்ளயே குஞ்சு பொரிச்சு, கடைசில எல்லாம் ஒரே அச்சு. அந்த ரெண்டு காவக்காரங்களுக்கும் தெரியாத ஒரு நோய் உள்ள வந்துச்சு. கதவைத் தொறந்து விட்ட மாதிரி ஆயிட்டு. ஒண்ணுகூட மிஞ்சல.

— எங்க ஊரு ஆளுகளும் அப்படித்தான டீச்சரு! எல்லாம் ஒரே வகையறா. ஒருத்தன் கையை ஓங்குனா அத்தன கையும் ஓங்கும். வேண்டாம்லேன்னு சொல்ல மாத்தி ஒரு ஆளு கெடையாது. எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான் வெளியூரு. என்னையக் கட்டிக்கிட்டு வந்து பதினெட்டு வருசம் குடியிருந்தாவ. கடைசி வரைக்கும் வந்தட்டிதான்.

— வேலுத்தாயி, நீ அப்படிப் பேசாத. நாஞ் சொல்லுதது என்னன்னா, நடந்தது நடந்துபோச்சு. ஊரு தப்புப் பண்ணிட்டு. இப்பத்தான் டீச்சரம்மா வாயாலயே நோயின்னு தெரிஞ்சுபோச்சே. மனுசன் செய்யல, சாமி செஞ்சது. அப்ப யாரு மேல குத்தம் சொல்ல?

— ஓகோ.

— ஒன் வீடு அப்படியே கெடக்கு. நம்ம மீனாட்சியம்மாதான் வாரத்துக்கு ஒருநா தூத்துப் பெருக்குதா. ஒன் ஆடு ஏழும் என் பட்டிலதான் நிக்கி. ரெண்டு ஈத்து ஈந்துருச்சு. நீ வா. ஊரு உன்னையத் தாங்கும். கோயில்ல வச்சு எல்லாரும் மன்னாப்பு கேக்கோம்னு சொல்லுதாக.

— வந்து?

— வந்து... கேஸு பதினாலாம் தேதி வருதுலா. எட்டுப் பேரும் பிள்ளைகுட்டிக்காரனுவ. நீ கோர்ட்டுல, இருட்டா இருந்துச்சு, ஆளு அடையாளம் தெரியலைன்னு ஒரு வார்த்தை...

— பளபளன்னு விடிஞ்சு, பால்காரன் வந்து போன நேரம். என்ன இருட்டு?

— வேலுத்தாயி...

— எம்புருசன் விலாவுல மிதிச்சது வெயிலம்மா மகன் கண்ணுசாமி. மண்டைல அடிச்சது லிங்கராஜ். மத்த ஆறு பேரையும் எனக்குப் பேரோட தெரியும். அவிய ஆஸ்பத்திரில மூணு நாள் ரெத்தமா மூத்திரம் போயிச் செத்தாவ. நான் அந்த மூத்திரத் துணியைக் கசக்கிப் போட்டவ. எனக்கா அடையாளம் தெரியாது?

— சரி தாயி. சரி. கோவப்படாத.

— எந்திரியும். பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ போகும். ஆடு ஏழையும் நீரே வச்சுக்கோரும்.

— ஐயா, நீங்க தெருமுனை டீக்கடைல இருங்க. நான் அக்காகிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும். அப்புறமா வந்து உங்களை பஸ் ஏத்தி விடுதேன்.

— வாரேன் வேலுத்தாயி. நான் ஒன்னையத் தூக்கி வளத்தவன்மா. அதை மட்டும் நெனைச்சுக்கோ.

— நெனைக்காமயா? அன்னிக்கு ஓடிவந்து ஒம்ம கால்லதான் விழுந்தேன். காலை எடுத்து நாற்காலி மேல வச்சுக்கிட்டீரு. கெளம்பும்.

— அக்கா... தண்ணி குடிங்க.

— வேண்டாம். பசை காயுது, நான் ஒட்டிக்கிட்டே கேக்கேன். சாயந்திரம் கம்பெனி வண்டி வந்துரும். ஆமா, ஒனக்கு என்ன தனியா?

— ஐயா முன்னால ஒண்ணை நான் சொல்லல.

— சொல்லு.

— அந்தக் காலைல அண்ணன் ஏன் வலையும் தகர டின்னும் எடுத்துட்டு ஊருணிக்குப் போனாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?

— செத்த தவளையை எடுக்கப் போனாவ. காலேஜ் லேபுக்குத் தவளை புடிச்சுக் குடுத்த ஆளுலா. உயிர்த் தவளையை அறுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததும் அந்தத் தொழிலு படுத்துப்போச்சு. அப்புறம் நீ வந்த. மாரிசெல்வி டீச்சரு கூட ஒத்தாசைக்குப் போறேன், அந்தப் பிள்ளை தவளையைக் கொல்லாது, ரெத்தம் மட்டும் எடுத்துட்டு விட்டுருதுன்னு அவியளுக்கு அம்புட்டுப் பெருமை.

— நான்தான் எடுக்கச் சொன்னேன். முந்தின நாள் அண்ணன் எஸ்டிடி பூத்துல இருந்து போன் பண்ணாரு. ‘டீச்சர், நம்ம ஊருணில தவளையெல்லாம் சாகுது, ஊருல ஒரு மாதிரியாப் பேசுதாங்க’ன்னாரு. நான் என்ன கேட்டிருக்கணும்? என்ன பேசுதாங்கன்னு கேட்டிருக்கணும்லா? கேக்கல. எனக்குத் தவளைதான் தெரிஞ்சுது. ‘அழுகிருதுக்கு முன்னால பத்து எடுத்து ஸ்பிரிட்ல போட்டு வைங்கண்ணா, விடிஞ்சதும் போயிருங்க’ன்னேன். கைல தவளையோட நின்னப்பதான் பிடிச்சிருக்காங்க.

— யாரு சொல்லி வந்தேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுவ. அவிய ஒன் பேரைச் சொல்லல. அது எனக்குத் தெரியும்.

— ஏன்க்கா சொல்லல?

— வயசுப்பிள்ளை. தனியா பஸ்ல வருது போவுது. பேரைச் சொன்னா அதையும் புடிச்சிருவானுவன்னு ஆஸ்பத்திரில வச்சுச் சொன்னாவ.

— ...அக்கா, அதோட முடியல. இன்னும் இருக்கு.

— இன்னும் என்ன?

— அந்த நோய் எங்க இருந்து வந்துச்சுன்னும் கண்டுபிடிச்சுட்டேன். கழுகுமலைக்கு அந்தாண்ட மலையடிக் கண்மாய். அங்கதான் மொதல்ல இருந்துருக்கு. அங்க உள்ள வைரஸும் உங்க ஊருணி வைரஸும் ஜீன்ல எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. அங்க இருந்து உங்க ஊருக்கு எத்தனை மைல் கரிசக்காடு! தவளை நடந்து வந்திருக்க முடியாது. மழைத்தண்ணியும் அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் ஓடாது.

— பெறகு?

— கார்த்திகைல நாங்க மூணு நாள் தொடந்தாப்புல போனோம். செவ்வாய்க்கிழமை மலையடிக் கண்மாய். புதன்கிழமை கரிசக்குளம். வியாழக்கிழமை உங்க ஊருணி. தவளை செத்ததும் அதே வரிசைலதான். ஒரு எடம் முடிஞ்சு அடுத்த எடம் போகுறதுக்கு முன்னால வலையையும் பூட்ஸையும் பிளீச்சிங் பவுடர்ல முக்கி, வெயில்ல காயப்போடணும். புத்தகத்துலயே போட்டிருக்கு. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. மண் நனைஞ்சா வண்டி கரிசல்ல மாட்டிக்கிடும்னு நான் அவசரப்படுத்துனேன். அண்ணன் கேட்டாரு, ‘வலையை அலச வேண்டாமா டீச்சர்?’னு. ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’னேன்.

— ம்.

— ஊர்க்காரங்க சொன்னது பொய்யில்லக்கா. அவர் வலையிலதான் வந்திருக்கு. விஷம் இல்ல. ஆனா வந்தது அவர் கையால. கொண்டுபோக வச்சது நான். ஊருணித் தவளையில நோய் இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லுத அளவுக்கு அது சுத்தமா இருந்துச்சு. நாங்க காலை வைக்க வரைக்கும்.

— அந்தத் தவளையை வச்சுத்தான் ஒனக்குப் பட்டம் குடுக்கப் போறாங்களா?

— ஆமா. கரிசக்குளத்துல பொழைச்சதோட குஞ்செல்லாம் இப்ப அந்த நோயை அடையாளம் தெரிஞ்ச ஒரு ஜீனோடதான் பெருகுது. கண்ணு முன்னால ஒரு இனமே மாறுது. பரிணாமம்னு புத்தகத்துல ஒரு வரியாப் படிச்சதை ரெண்டே வருஷத்துல பாத்துட்டேன். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கடுதாசி போட்டுப் பாராட்டுதாங்க. ஒவ்வொரு கடுதாசியையும் படிச்சதும் கிழிச்சுப் போட்டுருதேன்.

— இதைக் கோர்ட்டுல சொல்லப் போறியா?

— பதினாலாம் தேதி என்னைச் சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்க. விஷம் இல்ல, நோய்னு சொல்லுவேன். நோய் எப்படி வந்துச்சுன்னு அந்த எட்டுப் பேரோட வக்கீல் கேட்டா என்னால பொய் சொல்ல முடியாதுக்கா.

— சொன்னா அவனுவ துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்துருவானுவ. ‘நாங்க அப்பவே சொல்லலையா, சிவனாண்டிதான் ஊருணியைக் கெடுத்தான்’னு சொல்லுவானுவ. செத்தும் அவிய குத்தவாளி.

— இல்ல. நான்தான் குத்தவாளின்னு சொல்லுவேன். பேரைப் போட்டு எழுதிக் குடுப்பேன். ஒரு வலையை அலசாததுக்கும் ஒரு மனுஷனை மிதிச்சுக் கொன்னதுக்கும் வித்தியாசம் தெரியாதாக்கா நீதிபதிக்கு?

— தெரியுமோ என்னமோ. ஊருக்குத் தெரியல.

— நீங்க சொல்லுங்கக்கா. நீங்க வாயை மூடிக்கிட்டு இருன்னா இருக்கேன். என் கன்னத்துல ரெண்டு அறைங்க. ஏதாவது செய்ங்க. பெட்டி ஒட்டிக்கிட்டே இருக்காதீங்கக்கா.

— அழாத. முந்தானையை எடுத்து மூஞ்சியைத் தொடை. ஒன்னைய நான் எதைச் சொல்லி ஏச?

— எதையாவது சொல்லி.

— வலைன்னு கண்டுபிடிக்க ஒனக்கு ரெண்டு வருசம் ஆயிருக்கு. லேபு வேண்டியிருந்துச்சு, மிசினு வேண்டியிருந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்.

— என்னக்கா சொல்லுதீங்க?

— எந்தக் கெழமை எங்கன போனாவன்னு எனக்குத் தெரியாதா? மூணு நாளும் சோறு கட்டிக் குடுத்தவ நானு. மலையடிக் கண்மாய்ல தவளை சாகுதாம்னு அவியதான் வந்து சொன்னாவ. பெறகு கரிசக்குளத்துல சாகுதுன்னு ஆடு மேய்க்க சிவனம்மா சொன்னா. பெறகு ஒருநாள் காலைல நான் கொடத்தைத் தூக்கிட்டுப் போறேன், நம்ம ஊருணி. படிப்பு எதுக்கு இதுக்கு?

— அப்ப அண்ணனுக்கும்?

— அவியளுக்குத் தோணல. நான் சொன்ன பெறகுதான் மூஞ்சி வெளுத்துப்போச்சு. அன்னிக்குத்தான் ஒனக்குப் போன் போட ஓடுனாவ.

— நீங்க சொன்ன பெறகுன்னா... எங்க வச்சுச் சொன்னீங்க?

— இதை நான் போலீஸ்ட்டயும் சொல்லல, வக்கீல்ட்டயும் சொல்லல. வீட்டுக்குள்ள வச்சு மெதுவாச் சொல்லியிருக்கலாம். மோக்க எடமில்லாம மெதக்குத தவளையைப் பாத்ததும் எனக்கு ஆங்காரம் வந்துட்டு. எதுத்தாப்புல அவிய நிக்காவ. படித்துறைல நின்ன அத்தன பொம்பளைக காதுலயும் விழுத மாதிரி, ‘நீரு வலை போட்ட தண்ணியெல்லாம் செத்துக்கிட்டு வருதுய்யா, ஊருணியைக் கெடுத்தது நீருதான்’னு மொதமொதல்ல கத்துனது நாந்தான் டீச்சரு.